கராஜ்ல கிடக்குற சைக்கிளை எங்க குடுக்கறது? சிகாகோ வொர்க்கிங் பைக்ஸ் பத்தி என் ரிவ்யூ

சிகாகோ பக்கம் நம்ம ஆளுங்க வீட்டு கராஜை எட்டிப் பாத்தா ரெண்டு மூணு சைக்கிளாவது தூசி படிஞ்சு கிடக்கும். பசங்க வளந்துட்டாங்க, டயர்ல காத்து இல்ல, செயின் துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சு, தூக்கிப் போடவும் மனசு வரல. எங்க வீட்லயும் மூணு கிடந்துச்சு. அதை யார்கிட்ட குடுக்கறதுன்னு தேடப் போய்தான் பழைய சைக்கிளை வாங்கி சரி பண்ற வொர்க்கிங் பைக்ஸ்ங்கற லாப நோக்கம் இல்லாத அமைப்பு தெரிய வந்துச்சு, இப்ப நாலு வருஷமாச்சு, மாசத்துல ஒரு நாளாவது அங்க போய் கிரீஸ் பட்ட கையோட தான் வீட்டுக்கு வர்றேன். சைக்கிள் குடுத்திருக்கேன், ஒண்ணு வாங்கியும் இருக்கேன், வாலண்டியரா வேலையும் பாக்குறேன். மூணு பக்கமும் நின்னு பாத்தவன்ங்கறதால கொஞ்சம் விவரமாவே எழுதறேன், நேரம் இருக்கறப்ப படிங்க.

மொதல்ல இடம். வெஸ்டர்ன் அவென்யூல தெக்குப் பக்கம், 24வது தெரு தாண்டி. பெரிய பழைய கட்டடம், முன்னாடி கடை, பின்னாடி வொர்க்ஷாப். ட்ரெயின்ல வர்றவங்க ஒண்ணு கவனிங்க, சிகாகோல வெஸ்டர்ன்னு பேர் வெச்ச ஸ்டேஷன் மொத்தம் அஞ்சு இருக்கு, நீங்க இறங்க வேண்டியது பிங்க் லைன் வெஸ்டர்ன். அங்கருந்து நடந்தே போயிரலாம், இல்லன்னா 49ம் நம்பர் பஸ் வெஸ்டர்ன் மேலயே போகும். சைக்கிள் குடுக்கப் போறவங்க கார்ல தான் போகணும், வேற வழியில்ல.

உள்ள காலடி வெச்ச உடனே ரப்பரும் கிரீஸும் கலந்த அந்த வாசனை. எனக்கு அது மண்ணச்சநல்லூர்ல எங்க பெரியப்பா வெச்சிருந்த சைக்கிள் கடை வாசனை. அவர் வாடகைக்கு சைக்கிள் விட்டவரு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு நோட்டுல எழுதி வெப்பாரு, நானும் என் தம்பியும் அந்தக் கடையில தான் குரங்கு பெடல் போட்டு ஓட்டக் கத்துக்கிட்டோம். பஞ்சர் ஒட்டுறப்ப டியூபை தண்ணித் தொட்டியில முக்கிப் பிடிக்கற வேலை என்னோடது. காத்து முட்டை எங்கருந்து வருதுன்னு விரல் வெச்சுக் காட்டணும், உப்புத்தாள் போட்டுத் தேச்சு சொல்யூஷன் தடவுறது அவரு. முப்பது வருஷம் கழிச்சு இன்னொரு கண்டத்துல அதே வாசனை மூக்குல ஏறுனப்ப எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல.

இந்த அமைப்பு 1999ல ஆரம்பிச்சது. லீ ரேவன்ஸ்கிராஃப்ட்ங்கறவரு ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு. நல்லா ஓடக்கூடிய சைக்கிள்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய் நசுங்குதேன்னு அதை மீட்டு சரி பண்ண ஆரம்பிச்சதுல இருந்து வளந்தது தான் இது. இப்ப இவங்களுக்கு வர்ற சைக்கிள் எல்லாமே ஜனங்க சும்மா குடுக்கறது. அது மூணு வழியில பிரியும். கொஞ்சம் சரி பண்ணி முன்னாடி கடையிலயே விப்பாங்க, அந்தக் காசுல தான் மத்த வேலை எல்லாம் நடக்கும். கொஞ்சம் சிகாகோக்குள்ளயே தேவைப்படறவங்களுக்கு இலவசமா போகும், சமூக சேவை பண்ற அமைப்புங்க மூலமா. மீதி, அதுதான் பெரும்பங்கு, கன்டெய்னர்ல ஏறி கானா, எல் சால்வடார், குவாத்தமாலா மாதிரி நாடுகளுக்கு கப்பல்ல போகும்.

எந்த சைக்கிள் எந்த வழியில போகணும்னு பிரிக்கறாங்க பாருங்க, என்னைக் கேட்டா இந்த இடத்தோட உயிரே அங்க தான் இருக்கு. என் கதையச் சொல்றேன், அப்ப புரியும்.

மொத தடவ போனப்ப மூணு சைக்கிள் கொண்டு போனேன். ஒண்ணு என்னோட பழைய ஹைப்ரிட், ரோட் பைக்கும் மவுண்டன் பைக்கும் கலந்த மாதிரி சைக்கிள். ஒண்ணு பையனோட 20 இஞ்ச் சைக்கிள். மூணாவது வீட்டுக்காரம்மாவுக்காக ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல வாங்குனது, கடை பேரு வேணாம், முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் வெச்சு மவுண்டன் பைக் மாதிரி பளபளன்னு இருக்கும், மொத்தமே பத்து தடவ ஓட்டிருப்பாங்க. எனக்கு அந்த மூணாவது தான் ஒசத்தி, பெயின்ட் கூட போகலையேன்னு நெனச்சேன். அங்க எடுத்துக்கிட்ட பெரியவரு, ரிட்டயர் ஆனவரு, வாலண்டியர் தான், என் பழைய ஹைப்ரிட்டை ஒரு சுத்து பாத்துட்டு அருமைன்னாரு. பையன் சைக்கிளையும் எடுத்துக்கிட்டாரு. மூணாவதுக்கு வந்ததும் பிரேக் கைப்பிடியைப் பிடிச்சு அமுக்குனாரு, அது பிளாஸ்டிக், வளையுது. கிராங்கை, அதான் பெடல் மாட்டியிருக்குற இரும்புக் கையை, பிடிச்சு அசைச்சாரு, டொக் டொக்னு ஆடுது. வீலைச் சுத்தி விட்டாரு, பாம்பு மாதிரி நெளியுது. இதை முழுசா யாருக்கும் குடுக்க மாட்டோம், கழட்டி டியூப், சீட், கேபிள் எடுத்துக்குவோம், மத்தது இரும்புக்குப் போகும்னு சொன்னாரு.

எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. புது சைக்கிள் தானே, இல்லாதவங்களுக்கு இது கூட பெரிய விஷயமாச்சேன்னு வாய் விட்டே சொல்லிட்டேன். அவரு கோவிச்சுக்கல. நீ இதை ஓட்டி வேலைக்குப் போவியான்னு கேட்டாரு. இல்லன்னேன். அப்ப இன்னொருத்தர் மட்டும் ஏன் ஓட்டணும்னாரு. அவ்வளவு தான். நீங்க ஞாயித்துக்கிழமை பார்க்ல ஓட்டுறப்ப பிரேக் அறுந்தா தள்ளிட்டு வீட்டுக்கு வந்துருவீங்க, அதை நம்பி விடிகாலைல வேலைக்குப் போறவனுக்கு பிரேக் அறுந்தா உயிரு போகும், இல்லன்னா வேலை போகும்.

இந்த மட்டமான சைக்கிள் பிரச்சனை இங்க மட்டும் இல்லங்க. டென்வர்ல இதே மாதிரி லாப நோக்கம் இல்லாத ஒரு கடையில வேலை பாக்குற மெக்கானிக் ஒருத்தங்க 2021 டிசம்பர்ல, சரி பண்ணவே முடியாத மாதிரி சைக்கிள் செய்யறதை நிறுத்துங்கன்னு கம்பெனிகளுக்கு ஒரு மனு ஆரம்பிச்சாங்க, நாடு முழுக்க இருந்து மெக்கானிக்குங்க கையெழுத்துப் போட்டாங்க. நானே இப்ப நாலு வருஷமா கையால தொட்டுப் பாத்துட்டேன், அந்த வகை சைக்கிள்ல போல்ட் டைட் பண்ணா மரையே போயிரும், வீல்ல பெண்டு எடுக்கலாம்னு போக்கஸ் கம்பி முனையில இருக்குற நிப்பிள் நட்டைத் திருப்புனா நிப்பிள் வட்டமாயிரும். அதே சமயம் 1970கள்ல செஞ்ச சைக்கிள் ஒண்ணு வரும், மேல துரு, உள்ள பிரிச்சா வீலைச் சுத்த வெக்கற கோனும் பால்ரஸ் குண்டும் கண்ணாடி மாதிரி இருக்கும், கிரீஸ் மாத்திப் பூட்டுனா இன்னும் இருபது வருஷம் ஓடும்.

அதுலயும் சிகாகோல இந்த வேலை பாக்கறதுல ஒரு தனி சந்தோஷம் இருக்கு. ஸ்விண்ங்கற சைக்கிள் கம்பெனி இந்த ஊர்ல தான் 1895ல ஆரம்பிச்சது. ஒரு காலத்துல அமெரிக்கக் குழந்தைங்க சைக்கிள்னாலே அதான். இங்க இருந்த ஃபேக்டரியை 1983ல மூடிட்டாங்க, 1992ல கம்பெனியே திவாலாச்சு, பேரு மட்டும் கை மாறி கை மாறி இன்னும் ஓடுது. ஆனா அந்தக் காலத்து சைக்கிளுங்க இன்னும் பேஸ்மென்ட்ல இருந்து வந்துக்கிட்டே இருக்கு. ஒரு நாள் ஒரு ஸ்விண் வர்சிட்டி என் ஸ்டாண்டுக்கு வந்துச்சு, தூக்கறப்பவே முதுகு பிடிச்சுக்கிச்சு, எப்படியும் 17 கிலோவுக்குக் கொறையாது, முழு இரும்பு. முன்னாடி நெத்தியில ஒட்டியிருந்த பேட்ஜைத் துணியால துடைச்சா சிகாகோன்னு எழுத்து வருது. இதோட கிராங்க் நம்ம ஊர் மாதிரி காட்டர் பின்னு சொல்ற ஆணியை அடிச்சு மாட்டுனது கிடையாது, கிராங்கோட இடது கையும் வலது கையும் ஒரே இரும்புக் கம்பி, இசட் மாதிரி வளைச்சு ஃபிரேம் ஓட்டைக்குள்ள நுழைச்சிருப்பாங்க. எங்க பெரியப்பா இதைப் பாத்திருந்தா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, காட்டர் அடிக்கற வேலையே இல்ல பாருன்னு சந்தோஷப்பட்டிருப்பாரு.

வாலண்டியர் வேலைக்கு வர்றேன். ஒண்ணுமே தெரியாதவங்க கூட வரலாம், சொல்லிக் குடுப்பாங்க. எனக்கு மொத நாள் குடுத்தது பெடல் கழட்டற வேலை. கன்டெய்னர்ல போற சைக்கிளுக்கெல்லாம் பெடலைக் கழட்டணும், ஹேண்டில் பாரைத் திருப்பி ஃபிரேமோட சேத்து வெக்கணும், அப்ப தான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்க முடியும். பெடல் கழட்டறது என்ன பெரிய வேலைன்னு தோணும். வலது பக்கம் சாதாரண மரை, இடமா திருப்புனா கழண்டுரும். இடது பக்கம் மரை தலைகீழ், வலமா திருப்பணும். மிதிக்கறப்ப தானா கழண்டுரக் கூடாதுன்னு தான் அப்படி செஞ்சிருக்காங்க, நம்ம ஊர் சைக்கிள்லயும் அதேதான். இது எனக்கு சின்ன வயசுலயே தெரியும்ங்கறதால பக்கத்துல இருந்த காலேஜ் பசங்க ரெண்டு பேருக்கு நான் சொல்லிக் குடுத்தேன். ஆனா எனக்குத் தெரியாதது உப்பு. இந்த ஊர்ல குளிர் காலத்துல ரோட்ல உப்பு கொட்டுவாங்கல்ல, அந்த உப்பு மரைக்குள்ள போய் பெடலையும் கிராங்கையும் ஒண்ணா ஒட்ட வெச்சிருக்கும். 15ம் நம்பர் ஸ்பேனர்ல நீளக் கைப்பிடி போட்டு, எண்ணெய் விட்டு ஊற வெச்சு, கிராங்கை தரைக்கு சமமா நிறுத்தி, ஸ்பேனர் மேல உடம்பு வெயிட்டை மெதுவா இறக்கணும். டக்குனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். அன்னிக்கு மூணு மணி நேரத்துல முப்பது சைக்கிள் முடிச்சேன், மறுநாள் ஆபீஸ்ல மவுஸ் பிடிக்க முடியல.

இன்னொரு சின்ன விஷயம், இது சைக்கிள் கடைப் பசங்களுக்கு மட்டும் புரியும். நம்ம ஊர் சைக்கிள் டியூப்ல வால்டியூப் இருக்கும்ல, காத்து வெளிய வராம அடைக்கற சின்ன ரப்பர் குழாய். இங்க யாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. இங்க பாதி மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி குண்டு வால்வு, மீதி பென்சில் முனை மாதிரி ஒல்லி வால்வு. நான் வால்டியூப் பத்தி பேப்பர்ல படம் வரைஞ்சு காட்டுனேன், அந்தப் பெரியவரு அதை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.

ஒரு கன்டெய்னர்ல சுமார் 500 சைக்கிள் ஏறும். ஏத்துற நாள் ஒரு கல்யாண வீடு மாதிரி இருக்கும். வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்தி உள்ள அனுப்புவோம், உள்ள ரெண்டு மூணு பேரு மட்டும் நின்னு அடுக்குவாங்க, அவங்க தான் அன்னிக்கு ராஜா. எந்த சந்துல எதைச் சொருகறதுன்னு அவங்களுக்குத் தான் கண்ணு இருக்கு. பெரிய ஃபிரேமுக்கு நடுவுல சின்னப் பசங்க சைக்கிள், மேல காலி இடத்துல டயரு, சீட்டு, பார்ட்ஸ் பெட்டின்னு ஒரு சாண் இடம் கூட விட மாட்டாங்க.

இந்தக் கன்டெய்னர் சைக்கிளை எல்லாம் இங்க முழுசா ரிப்பேர் பண்ணி அனுப்பறது கிடையாது. மொதல்ல கேட்டப்ப எனக்கு சரியாப் படல. குடுக்கறதை சரி பண்ணிக் குடுக்கணும்னு அவ்வளவு பேசுனாங்களே, இப்ப இது என்னடான்னு. விசாரிச்சப்புறம் தான் புரிஞ்சுது. அந்தந்த நாட்டுல இருக்குற கூட்டாளி அமைப்புங்களோட மெக்கானிக்குங்க தான் அதை சரி பண்றாங்க. இங்கயே முடிச்சு அனுப்புனா அவங்களுக்கு வேலை இல்ல. எல் சால்வடார்ல செஸ்டான்னு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, அவங்ககிட்ட சைக்கிள் வொர்க்ஷாப் இருக்கு. கானாவுல வில்லேஜ் பைசைக்கிள் ப்ராஜெக்ட்னு ஒண்ணு, அங்க கிராமத்து ஜனங்களுக்கு ஒரு நாள் ரிப்பேர் பயிற்சி குடுத்துட்டு அப்புறம் சைக்கிளைக் கொறஞ்ச விலைக்குக் குடுப்பாங்க. பஞ்சர் ஒட்டவும் பிரேக் டைட் பண்ணவும் தெரிஞ்ச கையில தான் சைக்கிள் போகுது.

அங்க ஏன் விக்கறாங்க, சும்மா குடுக்க வேண்டியது தானேன்னு என் ஃப்ரெண்ட் ஒருத்தன் சண்டைக்கே வந்தான். பழைய துணியை ஆப்பிரிக்காவுல கொண்டு போய்க் கொட்டி அங்க தையல்காரங்க பொழப்பைக் கெடுத்த மாதிரி இதுவும் ஆயிராதான்னு கேட்டான். நியாயமான கேள்வி, நானும் ரொம்ப யோசிச்சேன். எனக்குப் பட்டது இது தான், ஊருக்குள்ள சும்மா ஆயிரம் சைக்கிளைக் கொட்டுனா அங்க இருக்குற சைக்கிள் கடைக்காரன் செத்தான். கொறஞ்ச விலைக்குப் போறப்ப அந்தக் காசு அங்கயே மெக்கானிக் சம்பளமா, அடுத்த கன்டெய்னர் செலவா நிக்குது, ஆறு மாசம் கழிச்சு பிரேக் கட்டை தேஞ்சா மாத்தித் தர ஆளு இருக்கான். எங்க பெரியப்பாவை வெச்சு யோசிச்சேன், அவரு கடை பக்கத்துல யாராவது இலவசமா சைக்கிள் கொட்டியிருந்தா அவரு என்ன பண்ணிருப்பாரு? அவரையே கூப்பிட்டு நீங்க சரி பண்ணி வித்துக்குங்கன்னு குடுத்திருந்தா? ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

உள்ளூர்ல இலவசமா குடுக்குற சைக்கிள் கதை வேற, அது நூத்துக்கு நூறு முடிச்சுத் தான் போகும். நான் கைவெச்ச எந்த சைக்கிளும் அங்க இருக்குற மெக்கானிக் ஒரு தடவ பாக்காம வெளிய போனதில்ல. வீல் நட்டு, ஹேண்டில் பாரைப் பிடிக்கற ஸ்டெம், சீட் போல்ட், பிரேக் கட்டை ரிம்முல எங்க படுதுன்னு குனிஞ்சு பாப்பாங்க. ஒரு தடவ நான் முடிச்ச சைக்கிள்ல பிரேக் கட்டை ரெண்டு மில்லிமீட்டர் மேல ஏறி டயரை உரசற மாதிரி வெச்சுட்டேன், அப்படியே ஓட்டுனா நாளடைவுல டயர் பக்கவாட்டுல அறுத்துரும். திருப்பி ஸ்டாண்ட்ல ஏத்துனாங்க, ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, எங்க தப்புன்னு காட்டுனாங்க, நான் சரி பண்ணேன். அன்னிலருந்து பிரேக் கட்டையை வெக்கறப்ப ஒரு பழைய விசிட்டிங் கார்டை மடிச்சு பின்பக்கம் சொருகி, முன்பக்கம் மொதல்ல ரிம்மைத் தொடற மாதிரி வெச்சு டைட் பண்றேன், கீச்னு சத்தமும் வராது.

அந்த சைக்கிள் யாருக்குப் போகுதுன்னு வொர்க்ஷாப்ல நமக்குத் தெரியாது. எனக்கு ஒரு தடவ தெரிஞ்சுது, அதுவும் வேற இடத்துல வெச்சு.

2022 ஆகஸ்ட்ல இருந்து டெக்சாஸ்ல இருந்து பஸ் பஸ்ஸா ஜனங்களை சிகாகோவுக்கு அனுப்புனாங்களே ஞாபகம் இருக்கா, பெரும்பாலும் வெனிசுவேலா ஆளுங்க, குளிர்ல போலீஸ் ஸ்டேஷன் வராண்டாவுல எல்லாம் படுத்துக் கிடந்தாங்க. அப்ப இருந்த விதிப்படி அடைக்கலம் கேட்டு மனு போட்டாலும் வேலை பெர்மிட்டுக்கு 150 நாள் கழிச்சுத் தான் விண்ணப்பமே போட முடிஞ்சுது, 180 நாள் ஆகாம கையில கிடைக்கல. டெவான் அவென்யூல நாங்க வழக்கமா சாப்பிடப் போற ஒரு சின்ன ஹோட்டல், பேரு வேணாம், அங்க பாத்திரம் கழுவுற வேலைக்கு பெர்மிட் வந்தப்புறம் அப்படி வந்த ஒருத்தர் சேந்தாரு. ராத்திரி கடை மூடி சுத்தம் பண்ணி முடிக்க ஒரு மணி ஆயிரும். அந்த நேரத்துக்கு எல்லா ரூட்லயும் பஸ் கிடையாது. மொத ரெண்டு மாசம் நடந்தே போயிருக்காரு, ஒரு மணி நேரத்துக்கு மேல, ஜனவரியில! ஹோட்டல் அண்ணன் தான் என்கிட்ட சொன்னாரு, தம்பி, கடைக்குப் பின்னாடி ஒரு சைக்கிள் நிக்குது பாரு, அவருக்கு ஏதோ ஆபீஸ்ல குடுத்தாங்களாம், அதுலருந்து மனுஷன் மூஞ்சியே மாறிருச்சுன்னு.

பின்னாடி சந்துக்குப் போனேன். பச்சைக் கலர் சைக்கிள், பழைய ஸ்டீல் ஃபிரேம், குப்பைத் தொட்டி பக்கத்துல கம்பியில பூட்டிருந்தாரு. நான் செஞ்ச சைக்கிள் இல்ல, ஆனா வொர்க்கிங் பைக்ஸ்ல இருந்து போனது தான், அவரே சொன்னாரு. சீட்டு மேல பிளாஸ்டிக் பை சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தாரு, பனியில நனையக் கூடாதுன்னு. செயின்ல எண்ணெய் புதுசா விட்டிருந்தாரு. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் அரைகொறை, நான் பின் வீலைத் தூக்கி சுத்தி விட்டேன், கொஞ்சம் இடது பக்கம் இழுத்துச்சு. சைகையில சொன்னேன், அடுத்த வாரம் வர்றேன் சரி பண்ணித் தர்றேன்னு. போனேன், நிப்பிள் கீ எடுத்துட்டுப் போய் பிரேக் கட்டையையே அளவா வெச்சு, உரசற எடத்துல எதிர்ப்பக்க போக்கஸ் கம்பியைக் கால் திருப்பு கால் திருப்பா டைட் பண்ணிக் காட்டுனேன். அவரு கீயை என் கையில இருந்து வாங்கி மிச்சத்தை அவரே முடிச்சாரு, என்னை விட நல்லா செஞ்சாரு, அவங்க ஊர்ல அவரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காம். அந்த நிப்பிள் கீயை நான் திரும்ப வாங்கிக்கல.

அந்தப் பெரியவரு என் மூணாவது சைக்கிளை ஏன் வேணாம்னு சொன்னாருன்னு எனக்கு முழுசா விளங்குனது அந்த சந்துல தான்.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு தகவல். சிகாகோல சைக்கிள் குடுக்குற இன்னொரு பெரிய அமைப்பு இருக்கு, வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப். 2004 சுனாமிக்கு அப்புறம் 2005ல ஆரம்பிச்சது, ஸ்ராம்னு சைக்கிள் கியர் செய்யற சிகாகோ கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான எஃப்.கே. டேவும் அவரு மனைவி லியாவும் ஆரம்பிச்சாங்க, அவங்க மொதல்ல வேலை செஞ்சதே இலங்கையில தான். கடற்கரையில வீடு, படகு, வேலை எல்லாம் போன ஜனங்களுக்கு 24,000க்கும் மேல சைக்கிள் குடுத்தாங்க. அவங்க வழி வேற, பழசை சரி பண்றது இல்ல, ஆப்பிரிக்கக் கிராமத்து ரோட்டுக்குன்னே பஃபலோன்னு கெட்டியான புது சைக்கிள் செஞ்சு குடுக்கறாங்க. எது ஒசத்தின்னு எனக்கு ஒப்பிடத் தோணல. சுனாமி முடிஞ்ச வருஷம் நான் காலேஜ், நாகப்பட்டினத்துக்கு அரிசி மூட்டை ஏத்திக்கிட்டுப் போன லாரியில நானும் போனேன், அங்க ஜனங்க சாப்பாட்டுக்கு அடுத்தபடியா கேட்டது எங்கயாவது போய் வர ஒரு வண்டி. அதனால அந்தக் கணக்கு எனக்கு நல்லாவே புரியும்.

சரி, அங்க வாங்கறதைப் பத்தி. போன வருஷம் எனக்கே ஒண்ணு வாங்குனேன், ட்ரெக் கம்பெனி பழைய ஹைப்ரிட், புதுசோட ஒப்பிட்டா விலை ரொம்பக் கம்மி, இன்னிக்கு வரைக்கும் ஒரு டியூப் மாத்துனதைத் தவிர வேற செலவு வெக்கல. வாங்கப் போறவங்களுக்கு என் அனுபவத்துல சில விஷயம். இது ஷோரூம் இல்ல, இன்ன கலர்ல இன்ன மாடல் வேணும்னு போகக் கூடாது, ஜனங்க என்ன குடுத்தாங்களோ அதுல நமக்குப் பொருந்தறதைத் தான் எடுக்கணும். ஃபிரேம் சைஸ் முக்கியம், பேரம் பேசற ஜோருல சைஸை விட்டுராதீங்க, ஓட்டிப் பாத்துட்டு முழங்கால் மடங்கறது சரியா இருக்கான்னு பாத்து எடுங்க. ஏப்ரல் மே மாசம் வெயில் வந்த உடனே ஊரே சைக்கிள் தேடும், அப்ப எந்த சைக்கிள் கடைக்குப் போனாலும் கூட்டம் தான். முடிஞ்சா மார்ச்லயே போங்க, இல்ல அக்டோபருக்கு மேல போங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கடை நேரத்தைப் பாத்துட்டுப் போங்க. புது கேபிள் போட்டிருந்தா மொத மாசத்துல அது கொஞ்சம் நீளும், கியர் அங்க இங்க தாவும், எந்த சைக்கிளுக்கும் நடக்கறது தான், கேபிள் முனையில இருக்குற பேரல் ஸ்க்ரூவை அரை சுத்து திருப்புனா சரியாயிரும், பயப்பட வேணாம்.

குடுக்கப் போறவங்க சைக்கிளை அப்படியே கொண்டு போங்க. துரு இருந்தாலும் பரவால்ல, டயர் கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல. சரி பண்ணிட்டுக் குடுக்கலாம்னு நெனச்சே நம்ம ஆளுங்க அஞ்சு வருஷம் கராஜ்ல வெச்சிருவாங்க, நானும் அப்படித்தான் வெச்சிருந்தேன். வெளியில மழையில போட்டிராதீங்க, அது ஒண்ணு போதும். உங்க சைக்கிளை முழுசா எடுக்க மாட்டோம், பார்ட்ஸுக்குத் தான்னு சொன்னா வருத்தப்படாதீங்க, அதுல இருக்குற ஒரு டியூபும் ஒரு சீட்டும் இன்னொரு நல்ல சைக்கிளை ரோட்ல ஏத்தும்.

வாலண்டியரா போறவங்க பழைய ட்ரெஸ் போட்டுட்டுப் போங்க, கிரீஸ் கறை போகாது. ஹைஸ்கூல் பசங்களைக் கூட்டிட்டுப் போங்க, ஆனா எத்தனை வயசுல இருந்து சேத்துக்கறாங்கன்னு மொதல்ல கேட்டுக்குங்க. என் பையன் ஒரு நாள் முழுக்க ஃபோனை எடுக்காம வீலோட நடுவுல இருக்குற ஹப்பைப் பிரிச்சு, பால்ரஸ் குண்டு ஒவ்வொண்ணா பொறுக்கி மண்ணெண்ணெய் மாதிரி ஒண்ணுல கழுவி, பக்கத்துக்கு ஒம்போதுன்னு எண்ணி எண்ணி கிரீஸ்ல பதிச்சு வெச்சதை நான் கண்ணால பாத்தேன். ஒரு குண்டு உருண்டு ஓடிருச்சு, அதைத் தேடி பெஞ்சுக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுக்கிட்டுக் கிடந்தான். கிடைச்சப்புறம் தான் சாப்பிட வந்தான்.

நேப்பர்வில், அரோரா பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். என் வேன்ல சீட்டை மடிச்சா நாலு சைக்கிள் வரைக்கும் ஏறும், முன் வீலைக் கழட்டுனா அஞ்சு. வர்ற மாசம் ரெண்டாவது வாரம் மறுபடி போறேன், இப்பவரைக்கும் ரெண்டு தான் சேந்திருக்கு, மூணு எடம் காலியா இருக்கு. கார்ல ஏத்த வழியில்லன்னு வெச்சிருக்கறவங்க சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்.